இருபத்தாறு மீட்டர் வெந்நீர்

மே 9, வெள்ளி

தோன்யா உபால்தா பேசினில் கழுத்தைச் சாய்த்த நிலையிலேயே, "பொண்ணே, எனக்கு ஞானஸ்நானம் குடுத்து எழுபத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னொருதடவ வேணாம்" என்றாள். முடி உலர்த்திக்குக் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. என் விரல்களே மரத்துப் போயிருந்தன.

நான்கு நிமிடம். வெந்நீர் வர அவ்வளவு நேரம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இந்த வீட்டைக் கட்டிய மகானுபாவன் ஆறு அறைகளை ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்து, சமையலறையைக் கடைசியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கேஸ் கீசர் அங்கே தொங்குகிறது. என் பார்லரோ தெருப்பக்கத்து முதல் அறையில். நடுவில் இருபத்தாறு மீட்டர் பைப், முற்றத்து ஓடுகளுக்கு அடியில் சில்லென்று படுத்துக் கிடக்கிறது.

மாடித் தொட்டித் தண்ணீருக்கு வேகமும் கிடையாது. நான் இங்கே குழாயைத் திறந்தால் கீசர் கண்டுகொள்வதே இல்லை. "திற!" என்று நான் கத்த வேண்டும். பின்னால் என் புருஷன் அன்செல்மோ சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு, கீசரில் தீ பிடித்ததும் அதை மூடிவிட்டு, "பத்திக்கிச்சு, கிழவி!" என்று திரும்பக் கத்துவான். அதற்கப்புறம்தான் இந்த நான்கு நிமிடம். நடுவில் யாராவது "சுடுது" என்று சொல்லி, நான் பச்சைத்தண்ணீரைக் கொஞ்சம் கலந்தேனோ, தீ அணைந்துவிடும். மறுபடி "திற!" இருபத்தேழு வருடமாகத் தாண்டில் நகரத்துப் பெண்கள் எங்கள் தாம்பத்தியத்தை இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதெல்லாம் யாரும் போகவில்லை. போக வேறு இடம் இருக்கவில்லை. என்னிடம் ஏழு வருடம் தலை அலசிய யெசிகா, மார்ச் மாதம் சதுக்கத்துப் பக்கம் சொந்தமாகத் திறந்துவிட்டாள். பேசினுக்கு அடியிலேயே மின்சாரக் கீசராம். திறந்த உடனே சூடாம். ஏற்கெனவே என்னுடைய இரண்டு பேர் அங்கே. எங்கள் ஊரில் ஜூனில் தொடங்கும் இந்தக் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைக்காரிகளும் போய்விட்டால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். சாத்திவிட்டு? ஐம்பத்தெட்டு வயதில் யெசிகாவிடம் போய்த் தலை அலச நிற்க வேண்டியதுதான்.

மே 10, சனி

அன்செல்மோவுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. பைப் குளிர்வதால்தானே தண்ணீர் குளிர்கிறது? சமையலறைச் சுவரில் வெளியே தெரிகிற ஒன்றரை மீட்டர் பைப்புக்கு என் பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டி மாட்டியிருக்கிறான். மீதி இருபத்து நாலரை மீட்டர் மண்ணுக்கு அடியில் இருப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பச்சை ஸ்வெட்டர். நான் இன்னும் போட்டுக்கொண்டிருந்தது.

மே 16, வெள்ளி

நான்கு நிமிடம்.

உபால்தா கடிகாரம் மாதிரி சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். சாயம் வேண்டாம், வெட்ட வேண்டாம், அலசிச் சுருட்டினால் போதும். தலையில் இருப்பதே நாற்பது முடி. அதற்கு, "இன்னும் கொஞ்சம் ஊத்து பொண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். நுரை போய்ப் பத்து நிமிடம் ஆகியும் எழுந்திருக்க மனமில்லை. சூடு வருவதற்குள் என்னைக் கிழிப்பதும் இவள்தான், வந்த பிறகு ஒட்டிக்கொள்வதும் இவள்தான்.

மே 20, செவ்வாய்

அன்செல்மோ ஒரு சின்ன மின்சாரக் கீசரைக் கொண்டுவந்து பேசின் குழாயில் மாட்டினான். யெசிகாவுக்கு இருந்தால் உனக்கும் இருக்கட்டும் என்றான். அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். உலர்த்தியும் அதுவும் ஒன்றாக ஓடிய உடனே ப்யூஸ் போய்விட்டது. இந்த வீட்டு ஒயர்கள் இன்னும் துணி சுற்றியவை. ரோலர் மாட்டிய மூன்று தலைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தன. இரண்டு முறை மாற்றினான், இரண்டு முறையும் போயிற்று. கழற்றிவிட்டோம்.

"அப்ப அவங்கள பின்னால கூட்டிட்டு வந்துடேன். சமையலறைல கழுவு" என்றான்.

பின்னாலா? பார்லரையும் வீட்டையும் பிரிக்கிற அந்தக் கண்ணாடிக் கதவை இருபத்தேழு வருடத்தில் ஒரு வாடிக்கைக்காரி தாண்டியதில்லை. முன்னால் வாசனையும் முட்டைவடிவக் கண்ணாடியும் பத்திரிகைகளும். பின்னால் ஈரம் தின்ற சுவர், கொடியில் அவன் உள்ளாடை, மழை ஒழுகுகிற இடத்தில் வாளி. ஊரே வந்து பார்க்கட்டுமா?

"நீ வாய மூடிக்கிட்டு மாத்தே டீய குடி" என்றேன். குடித்தான்.

மே 25, ஞாயிறு

நாட்டுப் பிறந்தநாள். லோக்ரோக் கூழ் கிண்டினேன். பூசணி கரையவில்லை. இந்த வீட்டில் எதுவும் சுலபமாகச் சூடாகிற வழக்கம் இல்லை.

மே 28, புதன்

கேஸ் ஃபிட்டர் பெர்த்தோலொத்தி வந்தார். லைசென்ஸ் வைத்திருப்பவர். ஆகவே உலகத்தில் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர். பல்குச்சியைக் கடித்துக்கொண்டு வீட்டின் நீளம் முழுக்க நடந்தார். திரும்ப நடந்தார். கீசரைத் தட்டினார். பத்து நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தது.

"பைப் தடியா இருக்கு. அரை இன்ச்சுல போடலாம்."

"இப்ப முக்கால் இன்ச்ல வரவே உயிர் போகுது, இதுல இன்னும் ஒல்லியா?"

"உள்ள நிக்கிற பச்சத்தண்ணி மொத்தமும் வெளிய போனாத்தான் பின்னால வர்ற சூடு உங்க கைக்கு வரும், சென்யோரா. பைப்பு எவ்வளவு குண்டோ, அவ்வளவு பச்சத்தண்ணி."

நான் வாய்விட்டே சிரித்தேன். குச்சி மாதிரி பைப்பில் தண்ணீர் சீக்கிரம் வருமாம். அப்படியானால் ஊசியில் இன்னும் சீக்கிரம் வர வேண்டுமே? அதையும் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை, பல்குச்சியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"உங்க வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு வார்த்தைதான் என்னை எரித்தது.

மே 29, வியாழன்

அன்செல்மோ: "ரயில்வே யார்டுல இஞ்சினுக்குத் தண்ணி ரொப்ப என் தொட தண்டி குழாய் வெச்சிருந்தோம் கிழவி. மூணு நிமிஷத்துல தொட்டி ரொம்பும். தண்ணி வேகமா வேணும்னா வழி பெருசா இருக்கணும். இதுக்கு லைசென்ஸ் வேறயா?"

ஆமாம் என்றேன். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. ஒரு இன்ச் பைப் போடுகிறோம். பெர்த்தோலொத்தியின் மூஞ்சியில் அறைகிற மாதிரி வரும்.

ஜூன் 5, வியாழன்

முற்றம் பிளந்து கிடக்கிறது. கொத்தனாரும் அன்செல்மோவும் மூன்று நாளாகத் தோண்டுகிறார்கள். பழைய சிவப்பு ஓடுகளில் பாதி உடைந்துவிட்டது. அந்த வரிசை ஓடு இப்போது எங்கும் கிடைப்பதில்லை என்று கொத்தனார் ஆறுதலாகச் சொன்னார். பைப் மட்டும் பார்க்க அழகாக இருக்கிறது. தடியாக, நம்பிக்கையாக.

ஜூன் 13, வெள்ளி

ஏழு.

ஏழு நிமிடம்! கடிகாரம் நின்றுவிட்டதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. நான் "திற!" என்றேன், அவன் "பத்திக்கிச்சு!" என்றான், பிறகு ஒன்றுமே இல்லை. பச்சைத்தண்ணீர், பச்சைத்தண்ணீர், பச்சைத்தண்ணீர். உபால்தா பேசினில் கழுத்தை வைத்தபடி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கேலிக்குத்தான். ஏழாவது நிமிடத்தில் சூடு வந்தபோது பார்லரில் இருந்த ஐந்து பேரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த ஐந்து பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் அன்செல்மோ சொல்கிறான்: "புது பைப்பு இல்லையா. பழகணும்."

பழக வேண்டுமாம். பைப்புக்கு!

ஜூன் 14, சனி

அளந்து பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. பேசினுக்கு அடியில் வாளி வைத்து, சூடு வரும்வரை பிடித்தேன். ஒரு வாளி நிரம்பி இரண்டாவதிலும் பாதி. முன்பெல்லாம் ஒரு வாளிகூட நிரம்பாது.

அந்தப் பல்குச்சிக்காரன் சொன்னது சரி. உள்ளே நிற்பது மொத்தமும் வெளியே போக வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு. என்னை யார் சிரிக்கச் சொன்னது? அன்செல்மோவைத் திட்டலாம், திட்டியும் விட்டேன். ஆனால் "ஆமாம்" என்று சொன்ன வாய் இதுதான். அவன் எது சொன்னாலும் இல்லை என்கிற வாய், அன்றைக்கு மட்டும் அந்த மனிதரை மட்டம் தட்ட வேண்டுமென்று ஆமாம் சொன்னது.

ஜூன் 16, திங்கள்

பெர்த்தோலொத்திக்குப் போன் செய்தேன். செப்டம்பர்வரை வேலை இருக்கிறதாம். "ஒரு இன்ச் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

ஆறே முக்கால். அன்செல்மோ இதை முன்னேற்றம் என்கிறான், புது பைப் பழகணும் என்று உபால்தாவிடமும் சொல்லி வைத்தான்.

உபால்தா எழுந்தபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இன்னும் கொஞ்சம்" கேட்கவில்லை. அடுத்தவள் காத்திருந்ததால் நானும் ஊற்றவில்லை.

ஜூன் 27, வெள்ளி

உபால்தா வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வரவில்லை. அவளோடு வருகிற இரண்டு பேரும் வரவில்லை. பத்து மணியிலிருந்து பதினொன்றரைவரை காலிப் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையில் ராணிகளின் திருமணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அன்செல்மோ, "திறக்கவா?" என்று கத்தினான். எதற்கு? யாருக்கு?

பதினெட்டு வருடமாக வருகிறாள் அவள். அவள் புருஷன் செத்தபோது சவ அடக்கத்துக்கு அவளுக்கு நான்தான் தலை வாரிவிட்டேன். யெசிகா கடை வெந்நீருக்கு அத்தனையும் கரைந்துபோயிற்று.

ஜூலை 9, புதன்

விடுமுறை. உறைபனி. முற்றத்துச் சிமென்ட் ஒட்டுகள் வெள்ளையாகிவிட்டன. அன்செல்மோவோடு பேசவில்லை. அவனும்.

ஜூலை 12, சனி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். யெசிகாவின் கடையை மூன்று முறை கடந்தேன். முதல் தடவை ரொட்டி வாங்கப் போகிற மாதிரி. இரண்டாம் தடவை ரொட்டி வாங்கி வருகிற மாதிரி. மூன்றாவது தடவைக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். என்னுடைய பழைய தலைகள் நாலைந்து. உபால்தா இல்லை.

யெசிகா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நகமெல்லாம் மினுமினு.

"உள்ள வாங்க ஓலிந்தா. குளிருது."

"வேணாம். தோன்யா உபால்தாவ இப்ப நீதான் பாத்துக்கறியாமே. சந்தோஷம்."

"நானா? இங்க ஒரே தடவதான் வந்தாங்க. அதுவும் நான் திறந்த புதுசுல. அலசி முடிச்சப்புறமும் இன்னும் கொஞ்சம் ஊத்து, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாங்க. எனக்கு அடுத்த ஆள் நின்னுச்சு. எழுப்பி விட்டுட்டேன். அப்புறம் வரல. உங்ககிட்டதான் வர்றாங்கன்னு நெனச்சேன்."

என்னிடமும் இல்லை, இவளிடமும் இல்லை. அப்படியானால் எங்கே? நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டிருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். நானும் நாலு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

போனேன்.

சொல்ல நினைத்ததை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பதினெட்டு வருடம், சவ அடக்கம், நன்றி, எல்லாம். கதவைத் திறந்தாள். கோட்டு, மேலே போர்வை, தலையில் கம்பளிக் குல்லாய். வீட்டுக்குள்ளே! உள்ளே தெருவைவிடக் குளிர். நான் மூச்சு விட்டால் புகை வருகிறது.

"அடுப்பு போடலையா தோன்யா?"

"எங்க இருக்கு பொண்ணே கேஸு?"

மூன்று வருடம் முன்னால் கசிவு என்று சொல்லிக் கேஸ்காரர்கள் வந்து மீட்டரை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனார்களாம். பைப் முழுவதையும் மாற்றி, லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்டு, அவர்கள் திரும்ப வந்து சோதித்தால்தான் திறப்பார்கள். அவளால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சுவரில் கீசர் தொங்குகிறது, அதன் மேல் ஒரு துண்டு காய்கிறது. ஒரு மின்சார அடுப்பு, ஒரு பாத்திரம். ஒரு பாத்திரம் சூடாக அரைமணி நேரம். சூப்புக்கும் அதுதான், முகம் கழுவவும் அதுதான்.

மூன்று குளிர்காலம்.

"எனக்கு வெள்ளிக்கிழமதான் பொண்ணே. உன் குழாய்ல தலையில விழறப்ப முதுகு வர எறங்கும். அது ஒரு வாரத்துக்குத் தாங்கும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி.

அப்புறம் ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"நாலு நிமிஷம்னா சாய்ஞ்சு கெடந்துடுவேன். ஏழு நிமிஷம் இந்தக் கழுத்து தாங்க மாட்டேங்குது. உன் தப்பில்ல. புது பைப்பு, பழகணும்னு உன் புருஷன் சொன்னாரே."

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. குல்லாயைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். மூன்று வாரமாகக் கழுவாத தலையை எனக்குக் காட்ட அவளுக்கு வெட்கம். எனக்கு! அவளுக்கு நாற்பது முடி என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேனே, எனக்கு!

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று குழாயைத் திறந்தேன். பத்தே நொடியில் சூடு. கையைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். இருபத்தேழு வருடமாக இது இங்கேயே இருக்கிறது. என் வீட்டின் ஈரச் சுவரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருபத்தாறு மீட்டர் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்செல்மோ வந்து என்ன ஆச்சு என்றான். "நீ சொன்னதுதான் சரி" என்றேன். பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஜூலை 15, செவ்வாய்

பெர்த்தோலொத்தியின் வீட்டுக்கே போய் நின்றேன். பைப் வேண்டாம், பேசினைக் கழற்றிச் சமையலறையில் கீசருக்கு அடியில் மாட்ட வேண்டும், அரைநாள் வேலை என்றேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். சுலபமாக இல்லை. பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதுவே பெரிய மரியாதை.

"சனிக்கிழம வர்றேன்" என்றார்.

உபால்தா வீட்டு முத்திரையைப் பற்றியும் கேட்டேன். பார்க்கிறேன் என்றார். வசந்தத்துக்கு முன்னால் நடக்காது என்றும் சொன்னார். குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கதவைத் திறந்து வைத்தேன். நாலு பேர் முற்றத்து வழியாக உடைந்த ஓடுகளின் மேல் நடந்து சமையலறைக்கு வந்தார்கள். வாளியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுலயும் இதே எடத்துலதான் ஒழுகுது" என்றாள். இன்னொருத்தி என் லோக்ரோப் பானையைத் திறந்து மோந்து பார்த்து உப்புக் குறைவு என்றாள். இதற்குத்தானா நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன்? அன்செல்மோ மாத்தே சுற்றுக்கு விட்டுக்கொண்டு, கத்த வேலை இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

உபால்தா வரவில்லை. கழுத்து பயப்படுகிறதாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நானே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பேசினில் உட்கார வைக்கவில்லை. சமையலறையை ஒட்டின குளியலறையில் ஷவருக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, சூட்டைக் கீசரிலேயே அளவாக வைத்து, நல்ல துண்டு இரண்டைக் கொடுத்துக் கதவை வெளியிலிருந்து சாத்தினேன். வேண்டாம் பொண்ணே, வெறும் தலைதான், மத்தவங்க இருக்காங்களே என்றாள். இன்னிக்கு மத்தவங்க கணக்கில்ல என்றேன்.

அன்செல்மோ காதோடு கேட்டான்: "எவ்வளவு நேரம் விடப் போற?"

"அவங்களா வெளிய வர்ற வரைக்கும்."

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இந்த வீட்டின் குழாய்களுக்கு வேகம் போதாது. அங்கே ஓடும்போது பேசினில் ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது. மேஜையைச் சுற்றி மூன்று பேர் காத்திருந்தார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு, "எனக்கு நேரமாச்சு ஓலிந்தா, நான் யெசிகாகிட்டயே போய்க்கறேன்" என்றாள்.

"சரி, போயிட்டு வாங்க" என்றேன்.